கிளிக் கவுனுக்கு ஒரு பூமுடி

அன்றைக்கு ஈப்போவில் பெய்த மழைக்கு, கிந்தா ஆறே ஒதுங்க இடம் தேடியிருக்கும். அந்த மழையில் கோலா கங்சாரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, ஊரோரச் சிலிபின் பகுதியில் அகதாவின் கதவைத் தட்டினான் ஒருவன். பிழிந்தால் ஒரு குளம் தேறும்... மார்போடு அணைத்திருந்த மூட்டை மட்டும் காய்ந்திருந்தது.

மாதா கோயிலில் தாலி கட்டிக்கொள்ளும் பெண்களுக்குத் தலையில் சூடும் பூமுடி செய்வதில் அகதா ராணி. உடுப்பைப் பார்க்காமல் ஊசியைத் தொடமாட்டாள். மூட்டையை விரித்தாள்... பச்சைக்கிளிகள்! ஜப்பான்காரன் வந்ததும் ஓடிப்போன துரையின் திரைச்சீலை, கல்யாணக் கவுனாகியிருந்தது.

"பொண்ணு எங்கே? தலை அளவு வேணும்."

"தோட்டத்த விட்டு வெளிய வர ஜப்பான்காரன் பாஸ் எனக்கு இன்னைக்கு, அவளுக்குக் கல்யாணத்தன்னைக்குத்தான். சனிக்கிழமை, இங்க நம்ம கோயில்லதான். தங்கச்சி கெர்ட்ரூடும் நானும் இரட்டைப் பிள்ளைங்க, ஒரே தலை லா. என்னை அளந்துக்குங்க."

பெயர் டொமினிக்காம். நாடாவோடு அவள் குனிந்தாள்... அவன் நிமிர்ந்தான். கண்ணா அது? மழை விட்ட ரப்பர்க் காடு... மறுபடி மறுபடி அளந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வந்தது.

"என் தலை வளருதா?" என்றான், சிரிக்காமல். படவா!

வெட்கத்தை மறைக்க அவசரமாக, துணி கிடைக்காத யுத்த காலத்துக்குக் கைகொடுத்த வெள்ளை ரப்பர்த் தாளை இதழிதழாக நறுக்கி, ஒரு முடி கட்டி, அவன் தலையிலேயே வைத்தாள். தொட்டுப் பார்த்தவன் முகம் வாடியது.

"ரப்பரா? பால் வெட்டி வெட்டி அந்தப் புளிச்ச வாடை அவ தலைய விட்டுப் போனதே இல்ல. கல்யாணத்தன்னைக்கும் அதேவா?"

"துரை வீட்டுத் திரையில கவுன் தைச்சவங்களுக்குப் பட்டா கேக்குது?"

சொன்னதும் நாக்கைக் கடித்தாள். அவன் முடியைக் கழற்றி வைத்தான், கவுனை மடித்து எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினான்.

அகதாவின் ரோஷம் ஒரு கோப்பை காப்பி ஆறும்வரை தாங்கியது. பிறகு பெட்டியைத் திறந்தாள். யுத்தத்துக்கு முந்தி பினாங்கிலிருந்து வந்த தந்த நிறப் பட்டுத் தொப்பி... சிலிபினே பொறாமையில் பொசுங்கிய தொப்பி. கோயிலுக்குப் போட்டுப்போக அவளிடம் மிஞ்சியிருந்ததும் அது ஒன்றுதான். அதில் கத்தரியை வைத்தாள்.

சனிக்கிழமை கோயில் வாசலில் தலையில் வெறும் கைக்குட்டையோடு நின்றாள் கெர்ட்ரூட். மூச்சிரைக்க ஓடிவந்த அகதா, பட்டுப் பூமுடியை அவள் தலையில் பொருத்தினாள். எந்த அளவை நம்பினாளோ... கச்சிதம்! கவுனிலிருந்த கிளிகள் கீச்சிட்டதைக் கேட்டவர்களே உண்டு. கெர்ட்ரூட் முடியைத் தொட்டாள், விரலை முகர்ந்தாள், அழுதுவிட்டாள்.

மணியடித்தது. எல்லாரும் உள்ளே போனார்கள். அகதா மட்டும் படியிலேயே நின்றாள். டொமினிக் திரும்பி வந்தான்.

"உள்ள வரலையா?"

"வெறுந்தலையோட பொம்பள எப்படிக் கோயிலுக்குள்ள வாரது?"

வாசல் வழியே உள்ளே தங்கையின் தலையைப் பார்த்தான்... இவளைப் பார்த்தான்... புரிந்துபோயிற்று. தன் கைக்குட்டையை விரித்து அவள் தலையில் போட்டான்.

"கோபமாத்தான் போனேன். பாதி வழியிலயே கோபம் எறங்கிருச்சு... நீங்க மட்டும் எறங்கல."

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. உங்களப் பிடிச்சுப்போன பயத்துல வாய் உளறிடுச்சு."

ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்பது கோயில் வழக்கம். அவளைப் பெண்கள் பக்கம் கொண்டுவிட்டவன், அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். சாமியார் இருமினார். ஊரே இருமியது.

டொமினிக்குக்குக் காது கேட்கவே இல்லை.