வெயிலில் வந்த ஏரி

“பள்ளத்துல ரெண்டு ரோடு பிரியுற இடத்துல காத்துக்கிட்டு இருக்கேன். பொங்கலுக்குள்ளயாவது வந்து சேருங்க!” என்று கத்திவிட்டுப் பெடலை மிதித்தான் சதக்கத்துல்லா. அடுத்த வளைவில் ஆள் காணாமல் போனான்.

பேச்சிமுத்துவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மலையேற்றத்தில் அவன் என்ன வேண்டுமென்றா பின்தங்குகிறான்? அம்பாசமுத்திரத்தில் அவன் சைக்கிள் ஓட்டிய ரோடெல்லாம் தட்டையாகக் கிடந்தது. இங்கே அயர்லாந்தின் மேற்குக் கரையில், பர்ரன் என்கிற இந்தச் சுண்ணாம்புக்கல் சீமையில், ஒரு மேடு முடிந்தால் அடுத்த மேடு நிற்கிறது.

மூன்று பேரும் கால்வே நகரத்தில் வேலை பார்ப்பவர்கள். பேச்சிமுத்துவும் காயல்பட்டினத்துச் சதக்கும் ஒரே கம்பெனி. குளச்சல்காரி செலஸ்டினா நர்ஸ். இன்று ஒரே நாளில் ஐந்து மலை ஏறி இறங்குவதாகச் சபதம் போட்டுக் கிளம்பியிருந்தார்கள். அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. முன்னால் போகிறவன், ரோடு பிரியும் இடத்தில் கடைசி ஆள் வரும்வரை நகரக் கூடாது.

“அந்தச் சட்டம் இருக்குல்லா? கெடக்கட்டும். நாம டீ குடிச்சிட்டு மெதுவாப் போவோம்” என்றான் பேச்சிமுத்து.

“எலேய், பாவம் மக்கா, அவன் தனியா நிப்பான்!” என்றாள் செலஸ்டினா.

“நிக்கட்டும்! காத்துக் கெடந்தாத்தான் வாய் அடங்கும்.”

டீக்கடையில் பேச்சிமுத்து இரண்டு கோப்பை டீயையும் ஒரு பெரிய கேக்கையும் ஆற அமர முடித்தான். வெளியே வந்தபோது நோரா என்ற பண்ணைக்காரப் பெண் தன் ஆடுகளைப் பள்ளத்துப் புல்வெளியிலிருந்து மேட்டுக்கு விரட்டிக்கொண்டிருந்தார்.

“கீழ் ரோட்டில் போகாதீர்கள். தண்ணீர் வரப் போகிறது” என்றார்.

பேச்சிமுத்து அண்ணாந்து பார்த்தான். மூன்று வாரம் விடாமல் பெய்த மழை நின்று, வானம் பளிச்சென்று இருந்தது. “ஒரு மேகம்கூட இல்லையே மேடம்!” என்று சிரித்தான். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஆடுகளின் பின்னால் போய்விட்டார்.

பிறகு இறக்கம். காற்று காதில் விசிலடிக்க இருவரும் பாய்ந்து இறங்கினார்கள். கடைசி வளைவு திரும்பியதும் செலஸ்டினா அலறினாள்.

“பிரேக் பிடி!”

டயர் கிறீச்சிட்டது. பேச்சிமுத்துவின் முன்சக்கரம் தண்ணீருக்குள் போய் நின்றது.

ரோடு இல்லை! இரண்டு பக்கமும் கல்சுவர் வைத்த தார் ரோடு, அப்படியே நீருக்குள் இறங்கிப் போயிருந்தது. மேலே நீல வானம், சுள்ளென்று வெயில். கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் ஏரி! ஆறு கிடையாது, ஓடை கிடையாது. தெளிந்த நீருக்கு அடியில் பச்சைப் புல் ஆடிக்கொண்டிருந்தது. ஓரத்துப் பாறை வெடிப்புகளிலிருந்து குபுகுபுவென்று நீர் மேலே வந்துகொண்டே இருந்தது.

“தரையில இருந்துல்லா வருது!” என்றான் பேச்சிமுத்து. மூன்று வாரத்து மழையையும் மலை உள்ளே வாங்கி வைத்திருந்து, இன்று கக்குகிறது. நோரா சொன்னது இதைத்தான்.

“ரோடு பிரியுற இடம் எங்கலே?” என்று கேட்டாள் செலஸ்டினா.

இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீரைப் பார்த்தார்கள். நடுவில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் மிதந்தது. சதக்கின் ஹெல்மெட்.

“சதக்! ஏ சதக்!” என்று தொண்டை கிழியக் கத்தினான் பேச்சிமுத்து. எதிர்மலை அந்தக் கூப்பாட்டைத் திருப்பிக் கொடுத்தது. அவ்வளவுதான்.

அப்போது தூரத்தில் ஏதோ அசைந்தது. ஏரிக்கு நடுவே ஒரு சின்ன மண்மேடு. அதன் மேல் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான்!

“இருக்கான்! உயிரோட இருக்கான்!” செலஸ்டினா கைதட்டிக் குதித்தாள். மறுநொடியே அவள் முகம் மாறியது. “அந்த மேடு முங்கிட்டு இருக்கு பாரு. அவனுக்கு நீந்தத் தெரியாதுலே.”

கடற்கரை ஊரில் பிறந்து நீச்சல் தெரியாத ஒரே ஆள் சதக் என்று எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறார்கள். இப்போது சிரிப்பு வரவில்லை. பேச்சிமுத்து சட்டையைக் கழற்றப் போனான். செலஸ்டினா அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

“கூறுகெட்டவனே, ஐஸ் தண்ணி! பாதி தூரத்துல கை காலு மரத்துப் போவும். மலை மேல ஏறுவோம். அங்க போன் எடுக்கும், சுத்தி அந்தப் பக்கமும் போலாம்.”

புல் முளைத்த ஒற்றைப் பாதை ஒன்று செங்குத்தாக மலைமேல் போனது. வழக்கமாக இப்படி ஒரு ஏற்றத்தைப் பார்த்தால் பேச்சிமுத்து இறங்கித் தள்ளுவான். இன்று இறங்கவில்லை. தொடை எரிந்தது, நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. மிதித்தான், மிதித்தான், செலஸ்டினாவையும் முந்திக்கொண்டு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தான்!

போன் எடுத்தது. மீட்புப் படகு வரும், ஆனால் நேரமாகும் என்றார்கள். சதக்கின் கணுக்காலை ஏற்கெனவே நீர் தொட்டுவிட்டது.

“அங்க பாரு!” என்றாள் செலஸ்டினா. மேலிருந்து பார்த்தால் நீருக்குள் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. முழங்காலளவு ஆழத்தில் முங்கிக் கிடக்கும் பழைய கல்சுவர்! மண்மேட்டிலிருந்து வளைந்து வளைந்து மறுகரை வரைக்கும் போனது. கீழே நிற்கிற சதக்குக்கு அது தெரிய வழியே இல்லை.

“நான் இங்கயே நின்னு வழி காட்டுதேன். நீ அந்தப் பக்கம் இறங்கு! காத்துல சத்தம் கேக்காது, கையப் பாரு!”

மூவரும் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டும்போது பேசுவதெல்லாம் கையால்தான். கையை நீட்டினால் அந்தப் பக்கம் திரும்பு. விரலைக் கீழே காட்டினால் குழி. முஷ்டியைத் தூக்கினால் நில். செலஸ்டினா பாறைமேல் ஏறிக் கையை வீசினாள். சதக் புரிந்துகொண்டான். சைக்கிளைப் போட்டுவிட்டுச் சுவர்மேல் ஒரு காலை வைத்தான்.

இடது. நேர். குழி! ஒரு கல் பெயர்ந்து சதக் தடுமாறினான். எப்படியோ சமாளித்து நின்றான். மறுகரையிலிருந்து பேச்சிமுத்து தன் சைக்கிளை ஊன்றுகோலாகப் பிடித்தபடி சுவர்மேல் அடி அடியாக நடந்து வந்தான். குளிர் எலும்புவரை குத்தியது.

திடீரென்று முஷ்டி உயர்ந்தது. நில்!

சுவர் அறுந்து கிடந்தது. ஆடுகள் போய்வர விட்டிருந்த வாசல் அது. இந்தப் பக்கம் பேச்சிமுத்து, அந்தப் பக்கம் சதக், நடுவில் ஆளை முழுங்கும் ஆழம்.

“மச்சான், என்னால முடியாது” என்று பல் கிட்ட முனகினான் சதக்.

“முடியும்லே! இதப் பிடி!” பேச்சிமுத்து சைக்கிளைத் தூக்கி, சக்கரம் முன்னால் போகும்படி நீட்டினான். சதக் சக்கரத்தை எட்டிப் பிடித்தான். “குதி!” குதித்தவன் தலைவரை முங்கினான்! பேச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். அவன் காலடிக் கல் ஆடியது. சதக்கின் சட்டைக் காலர் கையில் சிக்கிய அந்த நொடியில் சைக்கிள் வழுக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போனது. மூன்று வருடம் குழந்தையைப் போலத் துடைத்து வைத்திருந்த சைக்கிள். அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கரை ஏறியதும் இருவரும் புல்லில் விழுந்தார்கள். கூச்சல் கேட்டு நோரா டிராக்டரில் கம்பளிகளோடு வந்துவிட்டார். மீட்புப் படகு வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு ஓடி வந்த செலஸ்டினா சதக்கைக் கம்பளியில் சுருட்டி, கையைப் பரபரவென்று தேய்த்தாள்.

“தண்ணி வந்தது தெரியலியா மக்கா?”

“உங்களுக்காக அந்த மேட்டுல உக்காந்திருந்தேன். வெயில் சொகமா இருந்துச்சு, ஹெல்மெட்டக் கழத்தி வச்சேன், கண்ணு அசந்துட்டு. முழிச்சுப் பாத்தா சுத்தியும் கடல்!” சொல்லும்போதே அவன் உடம்பு தூக்கிப் போட்டது.

பேச்சிமுத்துவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “நான் வேணும்னேதாம்ல லேட் பண்ணேன். உன்னக் காக்க வைக்கணும்னு டீக்கடையில உக்காந்து கேக்கு தின்னேன்.”

சதக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

“தெரியும்” என்றான்.

“தெரியுமா?”

“நான் பேசுனது உனக்குச் சுட்டிருக்கும்னு இறக்கத்துலயே தெரிஞ்சிட்டு. நீ கோவமா இருக்கேல்ல, நானும் சட்டத்த மீறிப் போயிட்டா நம்ம பழக்கமே முறிஞ்சு போயிரும்னுதான் அசையாம உக்காந்திருந்தேன்.”

பேச்சிமுத்து அதிர்ந்துபோய் அவனைப் பார்த்தான். அன்று பார்த்த ஏரியும் மிதந்த ஹெல்மெட்டும்கூட அவனை இப்படி உலுக்கவில்லை. தனக்காகக் காத்திருப்பவனை ஒரு நிமிடம்கூட வீணாகக் காக்க வைக்கக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டான். மூன்று பேரும் ஒரே கம்பளிக்குள் ஒண்டிக்கொள்ள, டிராக்டர் மெதுவாக மேடேறி ஊருக்குத் திரும்பியது.