காற்றுப் புகாத அறை

பகல் இரண்டு மணிக்கு அந்த வீட்டு வாசலில் வாடகைக் காரிலிருந்து இறங்கியவளை, பழைய காமிக்ஸ் வாங்கி விற்கிறவர்கள் எல்லோரும் லென்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். அட்டையில் மயிரிழை மடிப்பு இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஒரு புத்தகத்தை அவள் 'நல்ல நிலை' என்று சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். கணவர் போய் எட்டு மாதம் ஆகிறது. அவர் முப்பது வருடம் சேர்த்த காமிக்ஸ் அத்தனையையும் விற்க வேண்டும், வந்து மதிப்புப் போட்டுக் கொடு என்று போனில் அழைத்தவர் இவர்தான்.

"தனியாத்தான் வந்தியாம்மா?"

"ஆமாம்மா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. உள்ள வா."

புத்தகங்கள் கீழ்த்தளத்தில் இருந்தன. பதினோரு படி இறங்கினால் ஒரு இரும்புக் கதவு. ஓரமெல்லாம் கனமான ரப்பர். வெயில் பட்டால் வண்ணம் வெளுக்கும், ஈரம் பட்டால் தாளில் பூஞ்சை பூக்கும் என்று ஜன்னலே இல்லாமல் கட்டிய அறை. மூலையில் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. பழைய தாளின் லேசான புளிப்பு வாசனை.

"போனை இங்கேயே வச்சிட்டுப் போம்மா. போனோட யாரையும் அவர் உள்ள விடமாட்டார்."

இல்லாதவரை இன்னும் இருப்பவர்போல் 'விடமாட்டார்' என்று அந்த அம்மாள் சொன்னதை லென்ஸ் கவனித்தாள். பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

"அவருக்கு என்னம்மா ஆச்சு?"

"இங்கதான். நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தாழ் சிக்கிக்கிச்சு. வந்து பார்க்கும்போது..." அம்மாள் இரும்புக் கதவைத் தள்ளித் திறந்தார்.

லென்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். போன ஐந்தாவது நிமிடம் உலகத்தை மறந்தாள். கண்ணாடிபோல் தெளிவான உறைகள், ஒவ்வொன்றின் பின்னும் ஒரு அட்டை, வருட வரிசை, இதழ் வரிசை. மூன்றாவது தட்டில் அது இருந்தது. சிவப்பு விமானத்தின் இறக்கையில் பெண் விமானி ஒருத்தி எழுந்து நிற்கும் அட்டை. முதல் இதழ். இது அட்டையோடு எங்கேயும் மிஞ்சவில்லை என்றுதான் இத்தனை நாள் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அதை உறையிலிருந்து மெதுவாக உருவினாள்.

"கையைக் கழுவினீங்களா?"

காதுக்குப் பின்னால், மிக மெதுவாக.

"கழுவிட்டேம்மா, கையுறையும் போட்டிருக்கேன்" என்றாள் திரும்பாமலே.

சொன்ன பிறகுதான் அது ஆண் குரல் என்று உறைத்தது.

திரும்பினாள்.

யாரும் இல்லை. கதவு மூடியிருந்தது. ரப்பர் ஓரத்தால் மூடிய சத்தம்கூடக் கேட்டிருக்கவில்லை.

ஓடிப்போய் இரண்டு கையாலும் இரும்பைத் தட்டினாள். "அம்மா! கதவு மூடிக்கிச்சு!"

"நான்தாம்மா மூடினேன்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "என்னை மன்னிச்சிடு. என் பொண்ணுக்குப் பிரசவ நேரம். எட்டு மாசமா அவர் என்னை வாசப்படி தாண்ட விடல. துணைக்கு யாராவது இருந்தா என்னை விட்டுடுவார். கீழ்த் தட்டுல தண்ணியும் பிஸ்கட்டும் வச்சிருக்கேன். நாலே நாள். சத்தியமா வந்து திறந்துடறேன்."

"அம்மா, என்ன பேசறீங்க? அம்மா!"

படியேறும் காலடி. பிறகு அதுவும் இல்லை.

இயந்திரத்தின் முனகல் நின்றது.

அந்த அமைதியில் ஒரு தாள் புரண்டது. அலமாரிக்கு அந்தப் பக்கம். நிதானமாக, இன்னொன்று.

இயந்திரம் நின்ற பிறகும் காற்று காய்ந்துகொண்டே போனது. உதடு வெடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. கீழ்த் தட்டிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள். மூடியின் முத்திரை உடையவில்லை.

உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"என்ன தரம்?" குரல் இப்போது பக்கத்திலேயே இருந்தது.

அவள் சிவப்பு விமானத்தைப் பார்த்தாள். "நல்ல... நல்ல நிலை."

"இன்னும் நிறைய இருக்கு. எல்லாத்தையும் பாருங்க. அவசரமே இல்ல."

பார்த்தாள். வேறு என்ன செய்வது? ஒன்றை எடுத்து, உருவி, தரம் சொல்லி, திரும்ப வைத்தாள். ஒவ்வொரு பதிலுக்கும் திருப்தியான ஒரு மூச்சு அவள் கழுத்தில் பட்டது. முதல் அலமாரியை முடித்து இரண்டாவதற்குத் திரும்பினாள். அதன் முதல் தட்டில் அதே புத்தகங்கள், அதே வரிசையில் இருந்தன. மூன்றாவது அலமாரியிலும் அவையே.

இது முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. நாலு நாளில் அந்த அம்மாள் வந்து திறந்தாலும், திறக்கும்போது உள்ளே இருப்பது என்னவாக இருக்கும் என்றும் புரிந்தது.

பதினைந்து வருடத் தொழிலில் அவள் ஒரு பக்கத்தின் நுனியைக்கூட மடக்கியதில்லை. கையுறையைக் கழற்றி எறிந்தாள். சிவப்பு விமானத்தை உறையோடு இழுத்து, உறையைக் கிழித்துப் போட்டு, அட்டையை வெறும் கையில் பிடித்தாள்.

"கதவைத் திற. இல்லன்னா இது ரெண்டா போயிடும்."

"வேண்டாம்."

"திற!"

"வேண்டாம்... வேண்டாம்..."

கிழித்தாள். மேல் ஓரத்திலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு.

அந்தச் சின்னச் சத்தத்துக்கு அறை முழுக்க ஒரு விசும்பல் கேட்டது. வயதான ஆள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல. தாழ் தானாக மேலே ஏறியது. அவள் புத்தகத்தைப் பிடித்தபடியே பின்னோக்கி நடந்து வெளியே வந்து, அதைப் படியில் வைத்தாள். போனை எடுத்துக்கொண்டு பாய்ந்து ஏறினாள்.

கூடத்தில் அந்த அம்மாள் பெட்டியும் கையுமாக வாசல் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "திறக்கலம்மா... உன்னை வச்சும் என்னை விடல..." என்று அழுதார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கதவு சடாரென்று விரிந்தது. வெளியே இன்னும் வெயில். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தெருவின் இரண்டு பக்கம் ஓடினார்கள்.

பத்து நாள் கழித்து அந்த அம்மாள் போன் செய்தார். பேத்தி பிறந்திருந்தாள். "வீட்டுக்குப் போய்ப் பார்த்தேம்மா. அமைதியா இருக்கு. அவர் போயிட்டார். உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

லென்ஸ் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக மணிக்கட்டுக்கு மேல் ஒரு கீறல். ஒரு விரல் நீளம். ரத்தம் இல்லை, வலி இல்லை. தோல் வறட்சி என்று டாக்டர் களிம்பு கொடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது கீறலின் ஓரம் தோலைப்போல் இல்லை. வெள்ளை வெள்ளையாக நார் நாராகப் பிரிந்திருந்தது.

மறுநாள் காலை, கூடத் தங்கியிருந்த அவள் அக்கா காப்பியோடு வந்து எழுப்பினாள். அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"யாருடி உனக்கு இதைப் போட்டுவிட்டது? என்ன நேர்த்தியா ஒட்டியிருக்காங்க!"

கீறலின் இரண்டு ஓரமும் மயிரிழை பிசகாமல் சேர்ந்திருந்தன. மேலே, கிழிந்த பழைய அட்டைக்கு ஒட்டுவதுபோல் மெல்லிய தாள் ஒன்று, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டப்பட்டிருந்தது.

பசை இன்னும் ஈரமாக இருந்தது.