அப்பாவுக்கு ஒரு துண்டு

"எதுல வெக்கட்டும் கவி?" என்று கேட்டான் மித்ரன்.

"சண்டையே வரக் கூடாதுங்க மாமா. அதுக்கு எது தோதோ அதுலயே வெச்சிருங்க."

"அப்பக் கடைசி வரைக்கும் திருகிரலாம். பொறவு ஒருநாளைக்கு எங்கூடச் சண்டை போடோணும்னு நீ ஆசைப்பட்டாலும் நடக்காது, பாத்துக்க."

"எனக்கு என்னத்துக்குங்க அந்த ஆசை வருது?"

கல்யாணமான வாரத்தில், கோயமுத்தூரில் ஒரு கடைக்குள் நின்று பேசிய பேச்சு அது. இருவரும் சிரித்தார்கள், கடைக்காரப் பெண்ணும் சிரித்தாள். அவர்கள் பெற்ற மகளே வெளியூர் காலேஜுக்குப் போய்விட்ட இத்தனை வருடங்களுக்குப் பிறகு, தாராபுரத்தில் அப்பாவின் பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் பேச்சு கவிநயாவுக்கு வார்த்தை மாறாமல் நினைவுக்கு வந்தது.

அப்பா போய்ச் சேர்ந்து, சாம்பலை அமராவதியில் கரைத்தாகிவிட்டது. வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன் சாமான்களை ஒழிக்கலாம் என்று பீரோவைத் திறந்தாள். உள்ளே சட்டைகள் ஓரமாக ஒடுங்கிக் கிடந்தன. மீதி இடம் முழுக்கத் துண்டுகள். வெள்ளை, நீலக்கரை, பச்சைக்கரை, ஈரோட்டுப் பூந்துண்டு. எல்லாம் அவள் அனுப்பியவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

ஒரு மனிதர் எதற்காக இத்தனை துண்டுக்கு ஆசைப்பட்டார்?

அப்பா ஆசைப்பட்டார் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. காதில் அப்படித்தான் சொன்னது.

அதன் பெயர் குறிப்புணரி. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் மொச்சைக்கொட்டை அளவுப் பொருள் என்பதால் கோயமுத்தூர்ப் பக்கம் எல்லோருக்கும் அது மொச்சைதான். நாடித் துடிப்பு, தோலின் வெப்பம், மூச்சின் நீளம், பார்வை நின்று போகிற இடம் எல்லாவற்றையும் கோத்து, இந்த மனசுக்கு இப்போது என்ன வேண்டும் என்று அது கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததை, இணைத்து வைத்திருக்கும் இன்னொருவரின் காதில் மெல்லச் சொல்லும். எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும் என்று வாங்கும்போதே கடையில் திருகி வைத்துவிடுவார்கள். "கவிக்குத் தலை வலிக்கிறது, விளக்கை அணை." "மித்ரனுக்குப் பசி, ஆனால் தோசை வேண்டாம்." தாலி கட்டி முடித்ததும் மொச்சை இணைப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டிருந்தது. பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவதை மறந்தாலும் மறப்பார், மொச்சையை மறக்க மாட்டார்.

ஊர் மாறித்தான் போயிற்று. விவாகரத்து வக்கீல்கள் நிலப் பத்திரம் எழுதப் போனார்கள். தொலைக்காட்சித் தொடர்களில் மாமியாரும் மருமகளும் மோதிக்கொள்ளும் காட்சியைச் சின்னப் பிள்ளைகள் ஏதோ மிருகக் காட்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தன. கவிநயா மழலையர் பள்ளி ஆசிரியை. மொச்சை மாட்டாத ஒரு குழந்தை புதிதாகச் சேர்ந்த அன்று, "மிஸ், தண்ணி குடுங்க" என்று கேட்டது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. இரண்டு குழந்தைகள் பயந்து அழுதன. அந்தக் குழந்தையின் அம்மாவைக் கூப்பிட்டு, பக்குவமாக எடுத்துச் சொல்லி, மறுவாரமே மொச்சை வாங்க வைத்ததும் கவிநயாதான்.

வாய்விட்டுக் கேட்பது அநாகரிகம் என்று ஆகிவிட்ட காலம். அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. என் மனசில் இருப்பது உங்கள் காதுக்கு வந்துவிட்டது. தெரிந்தும் நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள் என்றால், விருப்பமில்லை என்று அர்த்தம். அதற்கு மேலும் வாயைத் திறந்து கேட்பது, கையைப் பிடித்து முறுக்குவது மாதிரி. நல்ல குடும்பத்துப் பெண் அதைச் செய்ய மாட்டாள்.

கவிநயா நல்ல குடும்பத்துப் பெண் இல்லையோ என்று அவளுக்கே சின்ன வயதில் சந்தேகம் உண்டு. அவளுடைய அப்பா சிவசண்முகம் டவுன் பஸ் ஓட்டியவர். அம்மாவுக்கும் அவருக்கும் நடக்கிற சண்டை தெருவுக்கே அலாரம். அம்மாவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவுக்கு நேர் எதிரே வந்து நிற்பாள். கேட்பாள். "முடியாது போடி" என்பார் அப்பா. தட்டு பறக்கும். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இருக்காது. அதற்கடுத்த நாள், கேட்ட பொருளைக் கொண்டுவந்து சமையல் மேடையில் சத்தமாக வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குளிக்கப் போவார். மிக்சி அப்படித்தான் வந்தது. ராமேஸ்வரம் அப்படித்தான் போனார்கள். கவிநயாவுக்குத் தட்டு பறந்ததுதான் மனசில் நின்றது. அதனால்தான் கடையில் அப்படிச் சொன்னாள்.

சொன்னபடியே நடந்தது. மித்ரனோடு ஒரு நாள்கூட மனஸ்தாபம் இல்லை. மோட்டார் கம்பெனியில் இயந்திரக் கைகளை மேய்த்துவிட்டு வீடு திரும்பும் மனுஷன், அவளுடைய முதுகுவலியைக் கதவைத் திறக்கும் முன்பே தெரிந்துகொண்டு வருவான். சொந்தக்காரர்கள் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது உதாரணம் காட்டியது இவர்களைத்தான்.

ஒரே ஒரு விஷயம்.

அம்மா செத்த பிறகு அப்பா தனியாகிவிட்டார். ஓட்டுநர் இல்லாத பஸ்கள் வந்து அவர் வேலை அதற்கு முன்பே போயிருந்தது. தாராபுரத்தில் ஒற்றை அறை வீட்டில், பேச்சுத் துணைகூட இல்லாமல் இருந்தார். அவரைக் கோயமுத்தூருக்கு அழைத்துவந்து கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கவிநயா ஆசைப்பட்டாள். மகள் ஹாஸ்டலுக்குப் போனதும் கிழக்கு அறை காலியாயிற்று. அதைத் தினமும் கூட்டிப் பெருக்கிவிட்டு, கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இப்படி நின்றால் மொச்சை கண்டுபிடிக்காமல் இருக்குமா? மித்ரனுக்குத் தெரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் மித்ரன் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வருவான்.

தப்பாமல் வருவான். அவள் அப்பாவை நினைத்து ஏங்கிய நாளெல்லாம் மஞ்சள் பெட்டி வந்தது. அவளுக்குப் புரிந்துபோயிற்று. கல்யாணத்துக்கு மறு வருடம் அப்பா வந்து தங்கிய இரண்டு நாளும் மித்ரன் முகம் கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது. அப்பாவின் குரல் அப்படி, குறட்டை அப்படி. காப்பி வேண்டுமென்றால் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி கேட்பார். 'உன் ஆசை தெரிகிறது, அது மட்டும் என்னால் ஆகாது, மன்னித்துக்கொள்' என்று மித்ரன் இனிப்பில் பதில் சொல்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். மனசுக்குள் அவனை மன்னித்தாள். மன்னித்து மன்னித்து அவளுக்கு மைசூர்பாகு வாசனையே குமட்ட ஆரம்பித்திருந்தது.

அதற்கு ஈடாக அப்பாவுக்கு ஒரு மொச்சை வாங்கித் தன்னோடு இணைத்தாள். "எங்களுக்கு வெச்சிருக்கிற அதே அளவுலயே வெச்சிருங்க" என்று கடையில் சொன்னதும் அவள்தான். அதன் பிறகு அடிக்கடி காதில் வரும்: "அப்பாவுக்கு ஒரு துண்டு வேண்டும்." உடனே அனுப்பிவிடுவாள். பொட்டலம் சுமக்கும் பறப்பான் அதை மாலைக்குள் கொண்டுபோய் அவர் வாசலில் போட்டுவிடும். அப்பா கேட்டு நான் எதையும் இல்லையென்று சொன்னதில்லை என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

போன வாரம், வகுப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது, "அப்பாவுக்கு ஒரு துண்டு வேண்டும்" என்றது. அனுப்பினாள். சற்று நேரத்தில் மறுபடியும் அதே. இன்னொன்று அனுப்பினாள். பிறகு மொச்சை பேசவில்லை. அடுத்துப் பேசியது ஆம்புலன்ஸ்காரர். அவளும் மித்ரனும் வந்து சேர்ந்தபோது வாசற்படியில் இரண்டு பொட்டலங்கள் கிடந்தன. தூக்க வந்தவர்கள் அதைத் தாண்டித்தான் அப்பாவை வெளியே கொண்டுவந்தார்கள்.

"ஏங்கண்ணு, இன்னும் பீரோவையே பாத்துட்டு நிக்கறே?" பக்கத்து வீட்டுச் சாந்தாமணி காப்பி டம்ளரோடு வந்தாள். அப்பாவின் வயதுக்காரி. கடைசியாக அவரைத் தொட்டுப் பார்த்ததும் அவள்தான்.

"அப்பா ஏனுங்க ஒண்ணைக்கூடப் பிரிக்கலை?" என்று கவிநயா கேட்டாள்.

சாந்தாமணி கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாகச் சொன்னாள். அப்பாவிடம் ஒரு ரெக்சின் பை இருந்ததாம். பஸ் ஓட்டிய காலத்துப் பை. மகள் வீட்டுக்குப் போய் இருக்கலாம் என்று தோன்றினால், அதில் சட்டை, மாத்திரை, சீப்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாராம். 'இந்நேரம் மொச்சை அவ காதுல சொல்லியிருக்கும் சாந்தாமணி, எம்புள்ளை வாங்கன்னு சொல்லிரும்' என்பாராம்.

"பொறவு அந்தப் பறக்கறது வந்து துண்டைப் போட்டுட்டுப் போவும். உங்கப்பன் எந்திரிச்சு, பையில இருக்கறதை மறுக்காக் கொடியில எடுத்துப் போட்ருவாரு. 'மாப்பிள்ளைக்கு ஆகலையாட்ட இருக்குது, அவ என்ன பண்ணுவா பாவம், துண்டு அனுப்பியிருக்கறா'ம்பாரு. உம்மேல ஒரு சொல்லுச் சொன்னதில்லை கண்ணு. தெருவே அதுர்ற மாதிரி கத்துன மனுஷன், உங்கிட்ட மட்டும் வாயைத் தொறந்து கேக்கலை பாரு."

காப்பி ஆறியது. சாந்தாமணி எப்போது எழுந்து போனாள் என்று கவிநயாவுக்குத் தெரியவில்லை.

கடையில் மித்ரன் கேட்டதும் அவள் சொன்னதும் வரிசையாக வந்தன. அதற்கு அடுத்து, அவள் கண்ணாடியில் காதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரப் பெண் சொன்னதும் வந்தது. "இந்த அளவுல வெச்சா நடக்கக்கூடிய ஆசையை மட்டுந்தான் அடுத்தவங்களுக்குச் சொல்லுங்க்கா. எதிர்ல இருக்கறவங்க முடியாதும்பாங்கன்னு தெரிஞ்சா, அந்த ஆசையைச் சொல்லாது. அதுக்குப் பதிலா, அவங்க சரிங்கற மாதிரி சின்னதா ஒண்ணைச் சொல்லிரும். முடியாதுங்கற பேச்சே வீட்டுல வராது." சரி சரி என்று இருவரும் தலையாட்டினார்கள். வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தார்கள்.

அப்படியானால் மித்ரன் காதில் அப்பா என்ற சொல் ஒரு நாளும் விழவில்லை. மைசூர்பாகு என்றுதான் விழுந்தது. அவன் மறுக்கவே இல்லை. அவனுக்குத் தெரியவே தெரியாது. என்றைக்கோ இரண்டு நாள் சுருங்கிய முகத்தை வைத்து, முடியாது என்பான் என்று ஒரு மொச்சைக்கொட்டை முடிவு கட்டிவிட்டது. அம்மா வாங்கிய மிக்சி அதற்குத் தெரியாது. முதல் நாள் முடியாது என்றவர் பிறகு பொட்டலத்தோடு வருவார் என்று அதற்கு யார் சொல்லியிருப்பார்கள்? கேட்டால்தானே முடியாது என்பதற்கு; முடியாது என்றால்தானே மனசு மாறுவதற்கு.

அவளும் அப்பாவுக்கு அதையே செய்திருக்கிறாள். மித்ரன் ஒப்ப மாட்டான் என்று அவள் நம்பியதால், அவளும் முடியாது என்றுதான் சொல்வாள் என்று அப்பாவின் மொச்சை கணக்குப் போட்டுத் துண்டு கேட்டிருக்கிறது. பாசத்தோடு, உடனுக்குடன்.

வாசலில் கார் வந்து நின்றது. வாடகை பாக்கி, மின்கட்டணம் என்று அலைந்துவிட்டு மித்ரன் உள்ளே வந்தான். முகம் வாடியிருந்தது. கையில் ஏதோ கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தான். எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கட்டில்மேல் வைத்தான். கைக்குட்டை விலகி மஞ்சள் பெட்டி தெரிந்தது.

"துக்க வீட்டுக்கு இனிப்புக் கொண்டாரக் கூடாதுன்னு எனக்கும் தெரியுது கவி. கடைக்காரன்கூட ஒரு மாதிரி பாத்தான்" என்றான். "ஆனா நீ பீரோவைத் தொறந்ததுல இருந்து இது விடாமச் சொல்லீட்டே இருக்குது. உனக்கு வேணும்ங்கும்போது நான் எப்படி வாங்காம வர்றது?"

நல்லவன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவன் மொச்சை சொன்னதைச் செய்யாமல் இருந்ததில்லை.

கவிநயா கையைக் கொண்டுபோய்த் தன் காதுக்குப் பின்னால் இருந்த மொச்சையைப் பிய்த்தாள். தோல் அங்கே வெளுத்து, புண் ஆறிய இடம்போல் இருந்தது. பிறகு எட்டி அவனுடையதையும் எடுத்தாள். இரண்டையும் துண்டுகளின் மேல் வைத்துப் பீரோவைச் சாத்தினாள்.

மித்ரன் அரண்டுபோனான். அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணைப் பார்த்தான், உதட்டைப் பார்த்தான். பழக்கமே இல்லாத ஊரில் இறங்கியவன் பெயர்ப் பலகையைத் தேடுவதுபோலத் தேடினான்.

"என்ன கவி? என்ன வேணும் உனக்கு? எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

அவளுக்கும் தெரியவில்லை. கேட்பதற்கு முன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, குரல் எங்கிருந்து வரும், ஒன்றும் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அவன் 'முடியாது' என்று சொன்னால், அந்த மொச்சை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. இனி மிச்சமுள்ள காலத்தை அந்த முகத்தோடுதான் கழிக்க வேண்டும். 'அதுக்கென்ன, வரச் சொல்லு' என்று சொன்னாலோ, அதைத் தாங்கவே முடியாது. இரண்டில் எதுவானாலும் அது அவன் வாயிலிருந்து வர வேண்டும்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அம்மா நிற்பதுபோல அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"மாமா, எங்கப்பாவைக் கூட்டியாந்து நம்ம வீட்டுல வெச்சுக்கலாமுங்களா?"