சுவரைப் பார்த்து ஒரு சண்டை

சண்டை போடுகிறவன் எதிரில் நிற்பவளைப் பார்த்துத்தானே போடுவான்? அவள் கணவன் சுவரைப் பார்த்துப் போட்டான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததற்கு யார் காரணம் என்கிற, சல்லிக்காசு பெறாத சண்டை அது. அவள் சமையலறை வாசலில் கரித்துணியோடு நின்று கத்தினாள். அவன் முன் அறையின் நடுவில் நின்று, தோளை ஒருக்களித்து, முகத்தை இடதுபக்கச் சுவருக்குக் காட்டியபடி, வார்த்தைக்கு வார்த்தை மூச்சை நிறுத்திப் பதில் சொன்னான். "என்னை என்னன்னு நினைச்சே நீ?" என்ற கேள்வி அவளுக்கு அல்ல, அந்தச் சுவருக்கு. அவன் மேடை நடிகன். பார்க்கிறவர்களுக்கு முதுகு காட்டக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். ஆனால் வீட்டுக்குள் பார்க்கிறவர்கள் யார்?

கேட்டால் "பழக்க தோஷம்" என்றான். அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

இந்த ஊருக்கு வந்ததே அவன் பிடிவாதத்தால்தான். நாடகப் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது, மகள் குட்டி, கலைகளுக்கு நடுவில் வளருவாள் என்று நின்ற காலில் நின்றான். ஊரும் அப்படித்தான் இருந்தது, யார் இல்லை என்றது? வளைந்து ஏறும் கல் தெருக்கள், திருப்பத்துக்குத் திருப்பம் சுவரோவியம், எந்த ஜன்னலுக்குக் கீழே நடந்தாலும் யாரோ வயலின் பழகும் சத்தம், மரம் இழைக்கும் வாசனையும் வார்னிஷ் நெடியும் மூடுபனியில் ஊறிக் கலந்து வரும் காற்று. நாத்தனார் வாரம் தவறாமல் போன் செய்து, "கொடுத்து வச்சவ நீ! ஜன்னலைத் திறந்தா மலை, படி இறங்கினா நாடகம், கச்சேரி. நாங்க இங்க புகையைத் தின்னுட்டுக் கிடக்கோம்" என்று பொருமுவாள். "வந்து நீங்களே இருந்து பாருங்க அண்ணி" என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். துவைத்த துணி காய்வதில்லை. பழைய கட்டடம் என்று ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி இல்லை. கூட்டம் கூட்டமாக வந்து வாசலைப் படம் எடுக்கிறவர்களுக்கு அந்த வாசலுக்குள் ஒரு குடும்பம் சாப்பிட்டுத் தூங்குவது ஞாபகமே இருப்பதில்லை. அழகைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் புளித்துப் போனது.

வீடு பழைய நாடக அரங்கத்தோடு ஒட்டியிருந்தது. இரண்டுக்கும் ஒரே மாடிப்படி. மேலே ஏறினால் அவர்கள் கதவு ஒரு பக்கம், அரங்கத்தின் பக்கக் கதவு எதிர்ப்பக்கம், துருப்பிடித்த சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும். அரங்கம் பழுதுபார்ப்புக்காக மூடிக் கிடந்தது.

அடுத்த சண்டையில்தான் அவளுக்கு அது கேட்டது. அவன் சட்டைப் பொத்தானில் தொடங்கி அவள் அப்பா வரை போன சண்டை. அவள் வாயைத் திறப்பதற்கு ஒரு கணம் முன்பு, இடதுபக்கச் சுவருக்கு அப்பால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு துணி உரசும் சத்தம், செருப்பை இழுத்து வைத்துக்கொள்ளும் சத்தம், கூட்டமாக ஜனங்கள் வசதியாக உட்கார்ந்துகொள்ளும் அந்தச் சலசலப்பு, பிறகு எல்லாம் அடங்கின மௌனம். அவள் கத்தி முடித்துக் கதவை அறைந்தபோது, சுவருக்குப் பின்னால் மழை பிடித்ததுபோல் ஒரு சத்தம் எழுந்து வளர்ந்து ஓய்ந்தது.

கைதட்டல். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆஸ்பத்திரியில் காது பரிசோதிப்பதுதான் அவள் வேலை. எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் அரங்கத்துக் காவலாளியைப் பிடித்தாள். "உள்ள யாருங்க ஒத்திகை பாக்கறது? எங்க வீட்டுச் சண்டைக்குக் கை தட்டறாங்க, வெக்கமா இல்லையா அவங்களுக்கு?"

"உள்ளயா? வந்து பாருங்கம்மா" என்று கதவைத் திறந்துவிட்டார் காவலாளி. விளக்கைப் போட்டார். ஒரு நாற்காலி இல்லை. வெறும் தரை, அதன்மேல் பஞ்சுபோல் தூசி, அதில் ஒரு காலடி இல்லை. "இருக்கை எல்லாம் கழட்டி எடுத்துட்டுப் போயி ரொம்ப நாளாச்சு. இதோ, இந்த மேடைக்குப் பின்சுவர் இருக்கே, அதுக்கு அந்தப் பக்கம்தான் உங்க முன் அறை."

"அப்ப அந்தச் சத்தம்?"

காவலாளி விளக்கை அணைத்தார். "இங்க சத்தத்தைப் பத்தி நான் பேசறதில்லைம்மா. சம்பளத்தோட நிறுத்திக்கறேன்."

அவள் பயந்தாள். பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. காரணம் அவன். அந்தக் கைதட்டல் அவனுக்கும் கேட்டிருக்கிறது. கேட்டதால்தான் சுவரைப் பார்த்து நிற்கிறான். ஊர் ஊராக நடித்து இருபது பேர் கைதட்டல்கூடக் கிடைக்காமல் ஏங்கினவன், இப்போது பெண்டாட்டியை வைத்துத் தினமும் வாங்கிக்கொள்கிறான்! செருப்பில் சேறு, காப்பியில் சர்க்கரை, எதை எடுத்தாலும் வம்பு. அவள் வாயும் சும்மா இருக்கிற வாய் இல்லை. மூக்குநுனியில் கோபம் என்று பிறந்த வீட்டிலேயே பெயர் வாங்கினவள்.

எல்லாவற்றையும் பொறுத்திருப்பாள், குட்டி இல்லாவிட்டால். ஒரு நாள் விளையாடும்போது கால் இடறி விழுந்த குட்டி, முட்டி கிழிந்து ரத்தம் வர, அழவில்லை. எழுந்து, நொண்டி நொண்டி முன் அறைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று, பிறகு அழுதாள். பிள்ளையை இந்த வீட்டிலிருந்து முழுசாகக் கொண்டுபோய்விட வேண்டும். தன் அப்பா கையால் அடிபட்டு வளர்ந்தவள் அவள். தன் பிள்ளைமேல் ஒரு சுண்டுவிரல் படாது என்று அவள் குட்டி பிறந்த அன்றே வைராக்கியம் வைத்தவள். அடி மட்டுமல்ல, இதுவும் படக் கூடாது.

அன்றே அண்ணனை வரச் சொன்னாள்.

அண்ணன் கிளம்பிய மதியம் மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றது. "பாதையே தெரியலம்மா. காரை உருட்டிக்கிட்டுத்தான் வரேன். இன்னும் ரெண்டு மணி நேரமாவது ஆகும்" என்றார் போனில். அவள் பெட்டியைக் கட்டினாள். ஒரு வார்த்தை கோபமாகப் பேசுவதில்லை என்று முடிவு. வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லையென்றால் எவன் உட்காருவான்?

"போறியா?" கணவன் சுவரிடம் கேட்டான்.

அவள் குட்டிக்குக் காலுறை மாட்டினாள்.

"அண்ணன் வீட்டுச் சோத்துல எவ்வளவு நாள் வண்டி ஓடும்னு பாக்கறேன்!"

பல்லைக் கடித்துக்கொண்டாள். சுவருக்குப் பின்னால் ஒரு செருப்பு தரையில் தேய்ந்தது.

"உங்க அம்மா வளர்த்த லட்சணம்..."

நாக்குநுனிவரை வந்ததை விழுங்கினாள். இப்போது தரையை உதைக்கும் சத்தம். ஒருவர். பிறகு பலர். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி அதிர்ந்தது.

முதல் தடவையாக அவன் சுவரை விட்டு அவள் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் வியர்வை. "ஏதாவது சொல்லு. கத்து. உன் கால்ல விழறேன்."

"மாட்டேன். சலிச்சுப் போய் எழுந்து போகட்டும்."

"போக மாட்டாங்கடி." அவன் வாசற்கதவைப் பார்த்தான். "எழுந்தா இங்கதான் வருவாங்க. நீ வேலைக்குப் போயிருந்தப்ப ஒரு நாள் நான் பேசாம இருந்து பாத்தேன். நம்ம கதவு வரைக்கும் வந்துட்டாங்க. உள்ள குட்டி தூங்கிட்டிருந்தா. நான் ஓன்னு அழுது புலம்பின பிறகுதான் திரும்பிப் போனாங்க. நான் கைதட்டலுக்கா இதைப் பண்றேன்னு நினைச்சே?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

படக்.

மடக்கு நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்தால் இருக்கை மேலே போய் அடிக்கும் சத்தம். படக். படக். வரிசையாக. பிறகு கணக்கில்லாமல். பிறகு ஒன்றுமில்லை.

வெளியே, மாடிப்படியின் உச்சியில், சங்கிலி விழுந்தது.

வாசனை முதலில் வந்தது. பழைய வெல்வெட். முகப்பவுடர். நனைந்த கம்பளி. பிறகு காலடிகள், அவசரமில்லாமல், நாடகம் முடிந்து வெளியே வருகிறவர்களைப்போல். கதவின் கீழ் இடுக்கில் இருந்த வெளிச்சம் மறைந்தது. அங்கே செருப்பு முனைகள். நெருக்கமாக. நிறைய.

"உங்களைக் கட்டிக்கிட்டது என் தலையெழுத்து!" அவள் கத்தினாள். "நாசமாப் போக! என் வாழ்க்கையே போச்சு!"

பலிக்கவில்லை. எல்லாம் அவர்கள் கேட்டுப் புளித்த வசனம். இன்னும் கத்தினாள். குரல் வந்தது, கோபம் வரவில்லை. வாழ்நாள் முழுக்க வேண்டாத இடத்தில் எல்லாம் வந்து மானத்தை வாங்கின சனியன், வேண்டிய நேரத்தில் எங்கே போய்த் தொலைந்தது?

கைப்பிடி கீழே இறங்கியது.

"அம்மா" என்றாள் குட்டி. "அவங்க என்னைப் பாக்க வராங்களா?"

கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. நாலு விரல்கள் உள்ளே வந்து விளிம்பைப் பற்றின. வெள்ளைக் கையுறை.

அவள் கை எழுந்தது.

அறைந்தாள். குட்டியின் கன்னத்தில். பலமாக.

விரல்கள் நின்றன.

குட்டி அழவில்லை. அம்மாவையே பார்த்தாள். பிறகு உதடு பிதுங்கி, மூச்சு இழுத்து, வீறிட்டாள். அப்படி ஓர் அழுகையை அந்த வீடு கேட்டதில்லை. கையுறை பின்வாங்கியது. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. இடுக்கில் வெளிச்சம் திரும்பியது. காலடிகள் தள்ளிப் போயின. சுவருக்குப் பின்னால் இருக்கைகள் கிறீச்சிட்டு இறங்கின, ஒவ்வொன்றாக, எல்லாம். ஆழ்ந்த, திருப்தியான மௌனம்.

மூவரும் அசையவில்லை. ஜன்னலில் பனி வெள்ளையாக நின்றது. குட்டியின் அழுகை விம்மலாகி, விம்மலும் தேய்ந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

"சுவத்துப் பக்கம் திருப்பி நிக்க வை" என்றான் கணவன், மிக மெதுவாக. "முகம் தெரியணும்."

அவள் குட்டியின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். கையை ஓங்கினாள்.