ஆளைத்தான் பார்ப்போம்

“ஐயோ... என் கால்!”

மழைக்குப் பயந்து ஓடிவந்தவள், காலியான சக்கர நாற்காலியை அப்படியே லிஃப்டுக்குள் தள்ளியிருந்தாள். உள்ளே நின்றவனின் ஷூ மேல் சக்கரம் ஏறி நின்றது.

“வழியை அடைச்சுட்டு நின்னா இப்படித்தான்!”

“பரவாயில்லைங்க... கால் போனாலும் உட்கார நாற்காலி தயார்.”

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். மழைத்துளி தங்கிய அவன் இமைகள்... அந்தக் கண்களுக்குள்ளே அத்தனை குறும்பு! ‘பார்க்காதேடி, மேலே உனக்கு வேலை இருக்கு...’

மேலே போனால், புதுத் தொழில்களுக்கு முதல் பணம் போடும் மூன்று பேரில் ஒருவனாக அவனே உட்கார்ந்திருந்தான்.

உடைந்த சக்கர நாற்காலிகளை வீடு தேடிப் போய்ப் பழுதுபார்ப்பது அவளுடைய தொழில். துணைக்கு அண்ணன் மட்டும். இன்றைக்கு இந்த மூவரும் கை விரித்துவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

“ரிப்பேர் பண்ணின நாற்காலிக்குக் கணக்கு வச்சிருக்கீங்க,” என்றான் அவன். “அதுல உட்கார்ந்தவங்க அப்புறம் எங்கே போனாங்க?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் முழங்கையால் இடித்தான். எதையாவது அடித்துவிடு என்று அர்த்தம்.

“ஒரு டெய்லர் மறுபடி கடைக்குப் போறார். மத்தவங்களை... நாங்க கேட்கவே இல்லை சார். கேட்டிருக்கணும்.”

அவன் அவளையே பார்த்தான். சட்டென்று எழுந்தான். “இந்த முடிவுல நான் இல்லை,” என்று மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டு வெளியேறினான்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அந்த இருவரில் மூத்தவரான அம்மையார், “நாங்க ரெண்டு பேரும் பணம் போடறோம்மா” என்றபோதுகூட மனசு துள்ளவில்லை.

“அந்தத் திமிர் பிடிச்சவன் போனா போறான், விடு!” என்றான் அண்ணன்.

விடுவாளா அவள்? வாசலிலேயே பிடித்துவிட்டாள்.

“உண்மையைச் சொன்னது அவ்வளவு பெரிய தப்பா சார்?”

“ஐயோ, இல்லைங்க...” அவன் காது சிவந்தது. “ஆரம்பத்துல லாபம் எங்கேங்க இருக்கும்? நாங்க ஆளைத்தான் பார்ப்போம். தெரியாததைத் தெரியலைன்னு சொல்ற ஆளான்னு... பார்த்தேன். அப்புறம் கண்ணை எடுக்கவே முடியலை. இப்படிப் பார்க்கிறவன் அங்கே உட்கார்ந்து தீர்ப்பு சொல்லலாமா? அதான் எழுந்துட்டேன். இனிமே உங்க கம்பெனிக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைங்க.”

மழை சோவென்று கொட்டியது... அவள் நெஞ்சு அதைவிடச் சத்தமாக.

“கம்பெனியோட வேண்டாம்...” தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தாள். “சம்பந்தம் பேசணும்னா எங்க அண்ணன்கிட்ட பேசுங்க. ஆனா...”

“ஆனா?”

“நான் முன்னாடியே சரின்னுட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க!”