இறக்கைக்குள் ஒரு ஆள்

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் சாலையில், யுத்த காலத்துத் தகரக் கொட்டகை ஒன்றில் பழைய ஆகாய விமானங்களைப் பழுது பார்த்தார்கள். வருஷத்தில் ஒரு சனிக்கிழமை ஊராரை உள்ளே விடுவார்கள். 1958-இல் சுற்றிக் காட்டியவன் அங்கே வேலை பார்த்த தானியேல். கூட்டத்தில் கனகாவும் வந்திருந்தாள். மறுநாள் மாதா கோயிலில் அவர்கள் இருவருக்கும் கல்யாண ஓலையை, அதாவது கல்யாண அறிவிப்பை, மூன்றாம் முறையாக, கடைசியாக, வாசிக்க இருந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் அதே கோயிலில் அவளுக்கும் ஐசக்குக்கும் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கு ஐசக் வரவில்லை. எவளோ ஒருத்தியோடு அவன் பம்பாய் ரயில் ஏறியதைக் கண்ணால் பார்த்ததாக வந்து சொன்னவன், கொட்டகையில் அவனோடு வேலை செய்த இதே தானியேல்தான். அன்றிலிருந்து ஐசக் பெயரை எடுத்தால் கனகா காறித் துப்புவாள்.

கொட்டகைக்குள் பகல் நுழையவே இல்லை. மண்ணெண்ணெயும் துருவும் கலந்த வாடை.

"வெளிய ஒருத்தன் ஆணி அடிப்பான். உள்ள ஒருத்தன் படுத்துக்கினு இரும்புக் கட்டைய முட்டுக் குடுப்பான்" என்றான் தானியேல். "ரெண்டு ஆளு இல்லன்னா ஒரு ஆணி நிக்காது."

"உள்ள கீறவன் எப்பிடிப்பா வெளிய வருவான்?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி, சிட்டம்மாள்.

"கடைசித் தகட்ட மூடறதுக்கு மின்ன வந்துடணும்."

மூலையில், கூரையளவு நீளத்தில் ஓர் இறக்கை மரக்கட்டைகள் மேல் கிடந்தது. தானியேல் அதைத் தாண்டி வேகமாக நடந்தான்.

"எங்க ஓடற மாப்ளே? இதுக்குள்ள ஒரு குடும்பமே குடித்தனம் பண்ணலாம் போல கீதே! யாரு செஞ்சது?" என்றாள் சிட்டம்மாள்.

கூட்டம் சிரித்தது. பெருமை அவன் நாக்கை முந்திக்கொண்டது.

"நான்தான். அறுப்புப் பண்டிகைக்கு மொத நாளு, ஒண்டி ஆளா அத்தினி ஆணியும் அடிச்சி மூடினேன். மூணு வருசமாச்சி."

கோயிலின் அறுப்புப் பண்டிகை ஞாயிறு. ஐசக்கின் மூன்றாவது ஓலை அன்றைக்குத்தான்.

டொக்.

இறக்கைக்குள்ளிருந்து வந்தது.

டொக். டொக்.

"பெருச்சாளி" என்றான் தானியேல்.

கனகா அவன் காதருகே போனாள். "ரெண்டு ஆளு இல்லன்னா ஆணி நிக்காதுன்னியே. அன்னிக்கி உள்ள யாரு?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். "ஒன்ன வுட்டுக் குடுடான்னு கேட்டேன், கனகா. சிரிச்சான்."

பிறகு ஓடினான். யாரும் துரத்தவில்லை. எல்லோருடைய கண்ணும் இறக்கை மேலேயே இருந்தது.

மேஸ்திரி சடையப்பன் உளியால் ஆணித் தலைகளை வெட்டினார். "அந்த வருசம் பெருச்சாளி செத்த நாத்தம்னு ஒரு மாசம் கொட்டாயப் பூட்டி வெச்சோமே" என்று தனக்குள் முனகிக்கொண்டே தகட்டை நெம்பினார். கையை நீட்டி ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கின் மேல் வைத்தார். மண்டையோடு. விலா. காக்கிச் சட்டையின் கிழிசல். கடைசியாக, சின்னச் சின்ன விரல் எலும்புகள்.

விளக்கைப் பிடித்து இரண்டு முறை உள்ளே பார்த்தார்.

"அல்லாம் வந்துட்ச்சி, தாயி. உள்ள ஒண்ணுமில்ல."

கனகா மண்டியிட்டாள். மூன்று வருஷம் துப்பிய வாயால் அவன் பெயரைச் சொன்னாள். அவன் படுத்திருந்த இடத்தையாவது தொட வேண்டும் போலிருந்தது. இருட்டுக்குள் தோள்வரை கையை விட்டாள்.

ஒரு உள்ளங்கை அவள் உள்ளங்கையில் வந்து பதிந்தது.

வியர்வையில் நனைந்த, சூடான கை.

அவள் விரல்களை மடக்கி அதைப் பற்றப் பார்த்தாள்.

அது பற்றிக்கொள்ளவில்லை. அவசரமில்லாமல், அவள் கையை வெளியே தள்ளிவிட்டது.