நேராகப் பார்க்கும் கண்

கிழவியின் கண் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் இயந்திரம் பீப் என்றது.

மகிமாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. தேனியில் அந்தக் கண் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறை பல வருடங்களாக அவள் பொறுப்பு. புரை முற்றி வெள்ளையாகிப்போன கண்ணுக்குள் வெளிச்சம் போகாது, ஒலிதான் போகும். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, பேனா போன்ற புரோபின் நுனியைக் கருவிழியில் வைத்தால், ஒலி ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்பித் திரையில் ஊசி ஊசியாக எழும்பும். ஒரு கண்ணுக்கு நாலு ஊசி. புதிதாக வைக்கப்போகும் லென்ஸின் பவர் அந்த அளவை வைத்துத்தான் முடிவாகும். கண் புரோபை நேராகப் பார்த்தால் மட்டுமே இயந்திரம் பீப் என்று அளவை எடுத்துக்கொள்ளும். பார்வை விலகினால் வாயே திறக்காது.

"கதவுல என்ன இருக்கு ஆத்தா? நேரா பாருங்க."

"பாக்க மாட்டேன்."

பண்ணைப்புரத்துக் கருத்தம்மாள் வந்ததிலிருந்தே இப்படித்தான் முறுக்கிக்கொண்டிருந்தாள். கறுப்புத் திரைச்சீலைக்கு வெளியே அவள் மகன் ஈஸ்வரபாண்டி திராட்சை லோடு பற்றி ஃபோனில் கத்திக்கொண்டிருந்தான். ஏசியின் உறுமலும், ஸ்பிரிட் நெடியும், கிழவியின் தலையிலிருந்து வந்த காறல் எண்ணெய் வாசமும் அந்தச் சின்ன அறைக்குள் கலந்து, மூச்சு விடுவதையே ஒரு வேலையாக ஆக்கியிருந்தன. மகிமா திரையைப் பார்த்தாள்.

நாலு ஊசி. கொஞ்சம் இடைவெளி. மறுபடி நாலு ஊசி.

விழித்திரைக்குப் பின்னால் அப்படி எதுவும் எழும்பக் கூடாது. அங்கே இருப்பது கொழுப்பும் எலும்பும்தான். ஆனால் திரையில் ஒரு கண்ணுக்குப் பின்னால் முழுசாக இன்னொரு கண் இருந்தது. கிழவியின் பார்வை இன்னும் கதவில்தான். பீப்.

கருத்தம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "தெரிஞ்சிருச்சா?"

"கைய விடுங்க ஆத்தா."

"எங்க நாத்தனா செத்தப்ப கண்ணு மூடல. நான்தேன் மூடி விடுறேன்னு கிட்டக்க குனிஞ்சேன். அன்னைக்கு எங்கண்ணுக்குள்ள வந்துச்சு. கண்ணுல புரை வந்து திரை விழுந்த பெறகுதேன் எனக்குத் தூக்கம். வெளிய பாக்க வழியில்லாம அங்கனயே கெடக்கு. அந்தக் குச்சிய வேற யாரு கண்ணுலயும் வச்சிராத."

ஈஸ்வரபாண்டி திரைச்சீலையை விலக்கினான். "அதையெல்லாம் கண்டுக்கிராதீங்க மேடம். நாளைக்கே ஆப்பரேசன்னு டாக்டர் சொல்லிட்டாக."

அவர்கள் போனபின் மகிமா உட்கார்ந்தே இருந்தாள். போன மாதம்தான் ஒருவருக்குத் தப்பான பவரில் லென்ஸ் வைத்து, டாக்டர் எல்லார் முன்னாலும் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். மெஷின் கோளாறு என்றால் இன்றைக்கே தெரிந்தாக வேண்டும். சோதனைக்கு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கண்ணில் வைத்தாள். சரியாக இருந்தது. அது பிளாஸ்டிக். புரோபை ஸ்பிரிட்டில் துடைத்தாள். தன் வலது கண்ணில் மருந்தை விட்டுக்கொண்டு, நுனியைக் கருவிழியில் வைத்தாள்.

நாலு ஊசி. நாலே நாலு. கிழவியைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். ராத்திரி இடது கண் தூங்கியது. வலது கண் தூங்கவில்லை.

மறுநாள் ஆபரேஷன் முடிந்தது. அதற்கு அடுத்த நாள் காலை, வராண்டா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு மகிமாதான் கட்டுப் பிரித்தாள். கருத்தம்மாளின் கண் கழுவி வைத்தது போல இருந்தது. கிழவி சிரித்தாள். அவள் சிரித்து மகிமா பார்த்ததே இல்லை.

"உள்ள யாரும் இல்ல தாயி. போயிருச்சு."

பிறகு நிமிர்ந்து மகிமாவின் வலது கண்ணைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"சொன்னேன்ல. வச்சிராதன்னு சொன்னேன்ல." குரல் கல்லாக இருந்தது. "எனக்காச்சும் திரை இருந்துச்சு. உனக்கு அதுவும் இல்லயே." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஈஸ்வரா, இவ மூஞ்சியப் பாக்காத. வா, போயிருவோம்."

பெஞ்சில் இருந்த மற்றவர்களும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். மகிமாவுக்கு அழுகை வந்தது. இடது கண்ணில் மட்டும் வந்தது.

ஸ்கேன் அறைக்கு ஓடினாள். திரைச்சீலையை இழுத்தாள். சொட்டு மருந்து. புரோப். நுனியை வலது கருவிழியில் வைத்தாள். வேண்டுமென்றே பார்வையைக் கீழே தரைக்குத் திருப்பினாள். ஊமையாக இரு. தயவுசெய்து ஊமையாக இரு.

பீப்.

ஓரக்கண்ணால் திரை தெரிந்தது. எட்டு ஊசி. நடுவில் இடைவெளி இல்லை. அது முன்னால் வந்துவிட்டிருந்தது.

பீப். பீப்.

புரோப் கையிலிருந்து விழுந்தது. கண்ணை மூடினாள். இறுக்கி மூடினாள். மேலே இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினாள். இருட்டு. நல்ல இருட்டு.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். ஒரு பெண்ணின் குரல். "மேடம், ஸ்கேனுக்கு இங்கன வரச் சொன்னாக. வரலாமா?"

வராதீங்க என்று கத்த வாயெடுத்தாள்.

உள்ளங்கைக்கு அடியில் வலது இமை அசைந்தது. அவள் அசைக்கவில்லை. மெல்லத் திறந்து, விரலிடுக்கைத் தேடிப் பிடித்தது.

கதவை நேராகப் பார்த்தது.